உறைமோர்க் கணக்கு

என் அக்கா மகன் வேலை கிடைத்து அருப்புக்கோட்டையிலிருந்து பெங்களூர் வந்து, எங்கள் அல்சூர் வீட்டில் தங்கியிருக்கிறான். வந்த இரண்டாவது வாரம் அலமாரிக் கதவில் ஒரு தாளை ஒட்டினான். ‘தினம் ஒரு சதவிகிதம் முன்னேறு, ஒரே வருடத்தில் 37 மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அதற்குக் கீழே தண்டால் கணக்கு. முதல் நாள்: 10.

“ஒரு சதவிகிதம்தானே மாமா, யாருக்கும் முடியும்” என்றான்.

நான் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருபத்தாறு வருடம் காலம் தள்ளியவன். எண் கண்ணில் பட்டால் கை தானாகக் கால்குலேட்டரைத் தேடும். 1.01ஐ 365 முறை அடுத்தடுத்துப் பெருக்கிப் பார்த்தேன். 37.78 வந்தது. தாள் பொய் சொல்லவில்லை. சரி, பையன் இதே வேகத்தில் தொடர்ந்தால் என்ன ஆகும்? முதல் ஆண்டு முடிவில் நாளுக்கு 378 தண்டால். பயில்வான் என்று ஒத்துக்கொண்டுவிடலாம். இரண்டாம் ஆண்டு முடிவில் 14,000க்கும் மேல். நொடிக்கு ஒன்று எடுத்தாலும் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் ஆகும். மூன்றாம் ஆண்டு முடிவில் எண்ணிக்கை ஐந்து லட்சத்தைத் தாண்டுகிறது. ஒரு நாளில் இருப்பதே 86,400 நொடிகள்.

பெருக்கலில் பிழை இல்லை. தண்டாலுக்குப் போய்ப் பெருக்கலைப் போட்டதில்தான் பிழை. முதலீட்டு விளம்பரம், உடற்பயிற்சி அறிவுரை, மொழிப் பயிற்சி என்று எதை எடுத்தாலும் ‘சிறுகச் சிறுகச் செய்தால் மலையளவு சேரும்’ என்ற ஒரே வாக்கியத்தைத்தான் இப்போது கேட்கிறோம். சேரும்தான். ஆனால் எப்படிச் சேரும், எவ்வளவு சேரும், எங்கே போய் நின்றுவிடும் என்பது காரியத்துக்குக் காரியம் மாறும். கணக்குப் பாடத்தில் நிலை தடுமாறியவர்களுக்கும் புரியும்படி அதைச் சொல்லிப் பார்க்கிறேன்.

## சொட்டும் குழாய்

2024 கோடையில் பெங்களூரில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தது பலருக்கு நினைவிருக்கும். குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது அந்த மார்ச் மாதத்தில்தான். எங்கள் குளியலறைக் குழாய் சொட்டுவது எங்கள் காதில் விழுந்ததும் அப்போதுதான். அதற்கு முன்பும் அது சொட்டிக்கொண்டேதான் இருந்திருக்கும். லாரித் தண்ணீருக்குக் காசு கொடுத்த பிறகே காது திறந்தது.

நொடிக்கு ஒரு சொட்டு. இருபது சொட்டு ஒரு மில்லி லிட்டர் என்று வைத்துக்கொண்டால் நாளுக்கு நான்கு லிட்டருக்குச் சற்று மேல். வருடத்துக்கு ஏறக்குறைய 1,577 லிட்டர். தோளில் சுமந்துவந்து இறக்குகிறார்களே, அந்த 20 லிட்டர் கேன் கணக்கில் 78 கேன்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. லட்சமாவது சொட்டு முதல் சொட்டைவிடப் பெரியது கிடையாது. கீழே வாளியில் எவ்வளவு நீர் நிற்கிறது என்பதைப் பற்றிக் குழாய்க்குக் கவலையே இல்லை. நேற்று விழுந்த நீர் இன்று புதிதாகச் சொட்டுவதற்கு எந்த உதவியும் செய்வதில்லை. இரண்டாம் ஆண்டிலும் அதே 78 கேன்தான் வீணாகும். இதைத்தான் கூட்டல் வளர்ச்சி என்கிறோம்: ஒவ்வொரு முறையும் ஒரே அளவு சேர்வது. சிறுதுளி பெருவெள்ளம் என்ற பழமொழி சொல்வதும் இந்தக் கணக்கைத்தான்.

அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பக்கத்துத் தமிழ் வீடுகளில் இன்றும் நடக்கும் குலுக்கல் சீட்டு இதே வகை. பத்துப் பேர், மாதம் 5,000, பத்து மாதம். குலுக்கலில் பெயர் வரும் மாதம் 50,000 கைக்கு வரும். போட்டது 50,000, எடுத்தது 50,000. ‘சீட்டுப் போட்டால் பணம் பெருகும்’ என்று சொல்லிச் சேர்த்துவிடுகிறவர்களோடு எனக்கு நெடுநாள் சண்டை. சேரும், சிதறாமல் ஒரே கட்டாக வரும், அதற்கு ஒரு மதிப்பு உண்டு. பெருகாது. ஏலச்சீட்டில் தள்ளி எடுப்பவர் விட்டுக்கொடுக்கும் பணம் மற்றவர்களுக்குப் பங்காக வரும் என்றாலும், அது ஒருவர் பையிலிருந்து மற்றவர் பைக்குப் போவதுதான்.

## உறை ஊற்றிய பால்

எங்கள் வீட்டில் தயிருக்குப் பொறுப்பு என் மாமியார். காய்ச்சிய பாலை ஆறவைத்து, சுண்டுவிரலை விட்டுப் பார்த்து, விரல் சுடாத சூட்டில் ஒரு சின்னக் கரண்டி உறைமோர் விட்டு, இரண்டு முறை கலக்கி மூடிவைப்பார். வெயில் காலத்தில் காலையில் கட்டித் தயிர். மார்கழி மாதம் பெங்களூர்க் குளிரில் அதே பால், அதே கரண்டி, அதே இரவு. காலையில் திறந்தால் பாலும் இல்லாமல் தயிரும் இல்லாமல் கொழகொழவென்று எதுவோ ஒன்று. “இந்த ஊரில் பாலுக்குக்கூடச் சோம்பேறித்தனம் வந்துவிடுகிறது மாப்பிள்ளை” என்பார்.

உறைமோரில் இருப்பவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகள். அவை ஒவ்வொன்றும் இரண்டாகப் பிளந்து பெருகுகின்றன. இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். கணக்குக்கு எளிதாக, கதகதப்பில் மணிக்கு ஒருமுறை இரட்டிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்தில் எட்டு இரட்டிப்பு: 2, 4, 8, 16, 32, 64, 128, 256. ஒன்று 256 ஆகிவிட்டது.

இப்போது குளிர். இரட்டிக்க இரண்டு மணி நேரம் எடுக்கிறது என்போம். அதே எட்டு மணி நேரத்தில் நான்கு இரட்டிப்பு மட்டுமே: 2, 4, 8, 16. வேகம் பாதியாகத்தான் குறைந்தது. விளைவோ பதினாறில் ஒரு பங்காகச் சரிந்துவிட்டது. மாமியார் பாத்திரத்தைத் துண்டில் சுற்றி அரிசி டிரம்முக்குள் இறக்குவது இதனால்தான். அவர் காப்பது சூட்டை. காப்பாற்றுவது இரட்டிப்பின் வேகத்தை.

குழாய்க்கும் இதற்கும் என்ன வேறுபாடு? குழாயில் சொட்டை உண்டாக்குவது குழாய். பாலில் புதிய நுண்ணுயிரியை உண்டாக்குவது ஏற்கெனவே இருக்கும் நுண்ணுயிரி. சேர்ந்தவை எல்லாம் சும்மா உட்கார்ந்திராமல் தாங்களும் வேலையில் இறங்குகின்றன. இதுதான் பெருக்கல் வளர்ச்சி: இருப்பதன் அளவுக்கு ஏற்பப் புதியது சேர்வது. இருப்பு கூடக் கூட, சேர்வதும் கூடும்.

இன்னொரு வேடிக்கையும் இந்தப் பாத்திரத்தில் உண்டு. இரவு பத்து மணிக்கு உறை ஊற்றிவிட்டு ஒரு மணிக்கு எழுந்து மூடியைத் திறந்தால் பால் பாலாகவே இருக்கும். நடந்துகொண்டிருப்பது கண்ணில் படாது. நுண்ணுயிரிகள் விடும் அமிலம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தொட்டதும் பாலின் புரதம் திரள்கிறது. அந்த அளவுக்கு எல்லைப் புள்ளி என்று பெயர் வைத்துக்கொள்வோம். அதைத் தொடுவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பு நுண்ணுயிரிகளின் எண்ணிக்கை பாதிதான். மூன்று மணி நேரத்துக்கு முன்பு எட்டில் ஒரு பங்குதான். நெடுநேரம் ஒன்றுமே நடக்காதது போலிருந்து, கடைசியில் எல்லாம் ஒரேயடியாக நடந்ததுபோல் தோன்றுவது இதனால். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று பெரியவர்கள் சொன்னதில் இந்த எல்லைப் புள்ளியின் வாசனை இருக்கிறது. நகராத அடிகள் எல்லாம் வீண் என்று நினைத்து நிறுத்தியவர்களுக்காகச் சொன்னது அது.

இதுவரை வந்ததைச் சுருக்கிக்கொள்வோம். கூட்டலில் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு சேரும். பெருக்கலில் சேர்ந்ததும் வேலை செய்வதால் சேரும் அளவே கூடிக்கொண்டு போகும். பெருக்கலில் வேகம் சற்றுக் குறைந்தாலும் முடிவில் பெரிய வேறுபாடு வரும்.

## இரண்டையும் ஏன் குழப்பிக்கொள்கிறோம்?

தொடக்கத்தில் இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதுதான் காரணம். தண்டாலையே எடுத்துக்கொள்ளலாம். நாள்தோறும் முதல் நாள் அளவில் ஒரு சதவிகிதத்தைக் கூட்டிக்கொண்டு போனால் பத்து நாளில் 10 சதவிகிதம் ஏறும். பெருக்கிக்கொண்டு போனால் 10.46 சதவிகிதம். யாருக்குத் தெரியும் இந்த வேறுபாடு? முப்பது நாளில் 30க்கு எதிராக ஏறக்குறைய 35. நூறு நாளில் கூட்டல் இரண்டு மடங்கில் நிற்க, பெருக்கல் 2.7 மடங்கு. வருட முடிவில்தான் முகமூடி கழன்று விழுகிறது: கூட்டல் 4.65 மடங்கு, பெருக்கல் 37.78 மடங்கு.

முதல் மாதத்தில் நம் கையில் இருக்கும் அனுபவத்தை வைத்து எது எந்த வகை என்று சொல்லவே முடியாது. அதனால் நம்மில் பலர் பெருகாததைப் பெருகும் என்று நம்பிக் காத்திருக்கிறோம். பெருகுவதை ‘இதில் என்ன வந்துவிடப் போகிறது’ என்று பாதியில் விட்டுவிடுகிறோம். இரண்டாவதுதான் அதிகச் செலவு வைக்கும்.

## வட்டி குட்டி போடுவது எப்போது?

பணத்தில் இந்த வேறுபாட்டுக்கு ஏற்கெனவே பெயர் உண்டு. போட்ட பணம் முதல். அந்த முதலுக்கு மட்டும் ஆண்டுதோறும் வட்டி வந்தால் அது தனிவட்டி. வந்த வட்டியும் முதலோடு சேர்ந்து, அடுத்த ஆண்டு அதற்கும் வட்டி வந்தால் கூட்டுவட்டி. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. தனிவட்டிதான் கூட்டல், கூட்டுவட்டி பெருக்கல். பள்ளியில் இந்த இடத்தில் நான் ஒருமுறை அடி வாங்கியிருக்கிறேன்.

ஒரு லட்சம் ரூபாய், ஆண்டுக்கு 8 சதவிகிதம், 36 ஆண்டுகள். தனிவட்டியில் ஆண்டுக்கு 8,000 வீதம் வந்து, முதலோடு சேர்த்து 3,88,000 ஆகும். கூட்டுவட்டியில் ஏறக்குறைய 16 லட்சம்.

இதை மனக்கணக்காகப் போட ஒரு குறுக்கு வழி உண்டு. 72ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் இரட்டிப்பாக ஆகும் ஆண்டுகள் கிடைக்கும். இதுவே இரட்டிப்புக் காலம். 8 சதவிகிதத்துக்கு 9 ஆண்டு. ஆக, நம் ஒரு லட்சம் 9 ஆண்டில் 2, 18 ஆண்டில் 4, 27 ஆண்டில் 8, 36 ஆண்டில் 16 லட்சம். முதல் 27 ஆண்டுகளில் சேர்ந்த லாபம் 7 லட்சம். கடைசி 9 ஆண்டில் மட்டும் 8 லட்சம். பால் உறைந்த அதே கதை.

எங்கள் அலுவலகத்தில் இருவர் ஒரே மாதத்தில் ஒரே தொகையை வைப்புநிதியில் போட்டார்கள். ஒருவர் வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கையில் வாங்கிக்கொள்ளும் திட்டத்தில், மற்றவர் முதலோடு சேர்க்கும் திட்டத்தில். இருவரும் தாங்கள் ‘கூட்டுவட்டியில் போட்டிருப்பதாக’ என்னிடம் சொன்னார்கள். முதலாமவர் போட்டது கூட்டல்தான். வட்டியை வெளியே எடுத்த கணமே அது குட்டி போடும் தகுதியை இழந்துவிடுகிறது. அவர் ஓய்வு பெற்றவராக இருந்து, அந்தப் பணத்தில் வீட்டு வாடகை கொடுத்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவருக்கு அப்போது வயது இருபத்தொன்பது. வட்டி போன இடம், ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு புதிய கைப்பேசி.

இந்தக் கணக்கு நமக்கு எதிராகவும் அதே ஒழுங்கோடு வேலை செய்யும். கிரெடிட் கார்டு பாக்கிக்கு மாதம் 3.5 சதவிகிதம் என்றால், பன்னிரண்டால் பெருக்கி ‘ஆண்டுக்கு 42’ என்று நினைத்துக்கொள்கிறோம். பாக்கி வட்டியோடு சேர்ந்து உருண்டால் அது 51. மாதம் பத்து வட்டிக்கு வாங்கி, வட்டியைக் கட்டாமல் விட்டால், ஓராண்டில் வாங்கியது மூன்று மடங்கைத் தாண்டிவிடும். மயிலிறகுதானே என்று ஏற்றிக்கொண்டே போனால் வண்டி அச்சு முறியும் என்ற பழைய எச்சரிக்கையும் கூட்டல் கணக்கில் சொல்லப்பட்டதுதான். இங்கே ஏற்றிய இறகு இறகு போடுகிறது.

ஒரு சதவிகிதம் என்பது எவ்வளவு சின்னது? மேலே சொன்ன அதே லட்சம், 8க்குப் பதில் 7 சதவிகிதத்தில், 36 ஆண்டில் 11.4 லட்சம்தான் ஆகும். ஒரு சதவிகிதம் நாலரை லட்சத்தை விழுங்கிவிட்டது. முதலீட்டுத் திட்டங்களின் கட்டண விவரத்தைச் சின்ன எழுத்தில் அச்சடிக்கிறார்களே, அதைப் பூதக்கண்ணாடி வைத்தாவது படிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

## ஊரே உறைந்த கதை

பணம் வேண்டாம் என்பவர்கள் இந்த ஊரைப் பார்க்கலாம். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெங்களூர் நகரமும், ஆங்கிலேயர் படைக்காக அமைத்த கன்டோன்மென்ட் பகுதியும் சேர்ந்து சுமார் 1.6 லட்சம் பேர். 2011இல் மாநகராட்சி எல்லைக்குள் சுமார் 84 லட்சம் பேர். ஐம்பது மடங்குக்கும் மேல். எல்லையும் நடுவில் விரிந்தது, எல்லா ஆண்டும் ஒரே சீராக வளரவும் இல்லை. ஆனாலும் சராசரி எடுத்தால் ஆண்டு வளர்ச்சி 3.6 சதவிகிதத்தை ஒட்டித்தான் வரும். 72ஐ 3.6ஆல் வகுத்தால் 20. இருபது ஆண்டுக்கு ஒருமுறை ஊர் இரட்டித்திருக்கிறது.

இது பெருக்கலாக நடந்ததற்குக் காரணம், வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை என்பதுதான். குழந்தை பெற்றார்கள், கடை வைத்தார்கள், வேலை கொடுத்தார்கள், ஊரில் இருந்த மச்சானை வரவழைத்தார்கள். என் அக்கா மகன் எங்கள் வீட்டு அலமாரியில் தாள் ஒட்டிக்கொண்டிருப்பதே அதற்குச் சாட்சி.

## நடுவே ஒரு வகை

எல்லாவற்றையும் கூட்டல், பெருக்கல் என்ற இரண்டே பெட்டிக்குள் அடைத்துவிட முடியாது. நடுவில் ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கோ அதுதான் மிகப் பிடித்தது.

2011 அக்டோபரில் பெங்களூர் மெட்ரோவின் முதல் துண்டு திறந்தது. பையப்பனஹள்ளி முதல் எம்.ஜி. ரோடு வரை 6.7 கிலோமீட்டர், ஆறே நிலையங்கள். எங்கள் அல்சூர் நிலையத்தில் ஏறினால் இறங்க ஐந்து இடங்கள். ஊரே ஏறிப் பார்த்துவிட்டு, ‘இதில் எங்கே போவது?’ என்று சிரித்தது. 2017 ஜூனில் முதல் கட்டம் முழுமையடைந்தபோது 42.3 கிலோமீட்டர், 40 நிலையங்கள். நீளம் ஆறு மடங்குக்குக் கொஞ்சம் மேல் கூடியிருக்கிறது. பயன்?

ஒரு நிலையத்திலிருந்து மற்றொன்றுக்கு எத்தனை விதமாகப் போகலாம் என்று ஜோடி ஜோடியாக எண்ணுங்கள். ஆறு நிலையங்களுக்கு 15 ஜோடி. நாற்பது நிலையங்களுக்கு 780 ஜோடி. ஐம்பத்திரண்டு மடங்கு. தண்டவாளம் போட்டது கூட்டலாகத்தான். ஒவ்வொரு நிலையமாகத்தான் கட்டினார்கள். ஆனால் புதிதாக வந்த ஒவ்வொரு நிலையமும் அதற்கு முன் இருந்த எல்லா நிலையங்களோடும் கைகோத்துக்கொண்டது. இதைப் பின்னல் வளர்ச்சி என்று சொல்லிக்கொள்கிறேன். பெருக்கல் அளவுக்கு வேகம் இல்லை. கூட்டலை எங்கோ பின்னால் விட்டுவிடும்.

மொழி கற்பது இந்த வகை. மாமியார் அறுபது வயதுக்கு மேல் இந்த ஊருக்கு வந்தவர். தெருவில் கீரை கொண்டுவருபவருக்குத் தமிழ் தெரியாது. முதல் வாரம் மாமியாரிடம் இருந்தது ‘எஷ்டு’ என்ற ஒரே சொல். எவ்வளவு என்று பொருள். கீரைக் கட்டைத் தூக்கிக் காட்டி ‘எஷ்டு?’ என்பார், விரலில் பதில் வரும். பிறகு ‘பேக்கு’ வந்தது, ‘பேடா’ வந்தது, வேண்டும், வேண்டாம். பிறகு கீரைக்கு ‘சொப்பு’, தயிருக்கு ‘மொசரு’. உப்பு இங்கேயும் உப்பு என்று அறிந்த நாளில் அவர் முகத்தில் இருந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

ஐந்து பொருள்களின் பெயரும், அவற்றோடு சேர்த்துப் பேச நான்கு சொற்களும் வந்தபோது, ஒன்பது சொல்லில் இருபது பேச்சு பேச முடிந்தது. பெயர் பத்தும் சேர்க்கும் சொல் எட்டுமாக ஆனபோது, பதினெட்டுச் சொல்லில் எண்பது பேச்சு. சொல் இரண்டு மடங்கு, பேச்சு நான்கு மடங்கு. ஒருநாள் காலை, “ஸ்வல்ப ஜாஸ்தி கொடி” என்று அவர் கேட்டது என் காதில் விழுந்தது. கொஞ்சம் அதிகமாகக் கொடுங்கள். கீரைக்காரர் சிரித்துக்கொண்டே ஒரு கொத்து கொத்தமல்லியைக் கூடையிலிருந்து எடுத்துப் போட்டார். அந்தக் கொத்தமல்லியை எந்தச் சொல்லின் கணக்கில் எழுதுவது?

தனித்தனிச் சொல்லை மனப்பாடம் செய்து, அவற்றைச் சேர்த்துப் பேசாமல் விட்டால் அது குழாய்ச் சொட்டாகவே நின்றுவிடும். கைப்பேசியில் தினம் ஐந்து கன்னடச் சொல் பார்த்துவிட்டு, கடையில் இந்தியில் பேசும் எங்கள் பையனைப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

## தயிர் ஏன் வீட்டை நிரப்புவதில்லை?

உறைமோர் இரட்டித்துக்கொண்டே போகும் என்றால் அல்சூர் ஏரியே இந்நேரம் தயிராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. நுண்ணுயிரிகள் பாலில் உள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தை விடுகின்றன. அமிலம் ஏற ஏற அவற்றின் வேகம் குறைந்து, ஒரு கட்டத்தில் பெருக்கம் ஏறக்குறைய நின்றே போகிறது. அதற்கு மேல் வைத்திருந்தால் தயிர் புளிக்கும், பெருகாது. இப்படி வளர்ச்சி தானே உண்டாக்கிய தடையில் முட்டி நிற்பதுதான் தேக்கநிலை.

எந்தப் பெருக்கமும் என்றோ ஒரு நாள் இந்தச் சுவரில் முட்டும். ஊருக்குத் தண்ணீர் சுவர், சாலை சுவர். கடைக்குத் தெருவில் இருக்கும் வாடிக்கையாளர் எண்ணிக்கை சுவர். எனவே ‘இந்த வேகத்தில் போனால் பத்து ஆண்டில்...’ என்று யார் கணக்குக் காட்டினாலும், சுவர் எங்கே இருக்கிறது என்று கேட்பது நல்லது.

தண்டாலுக்கு வருவோம். உடற்பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். தசை அதற்குள் பெரிதாகிவிடுவதில்லை. இருக்கும் தசையைச் சேர்த்து இயக்க நரம்புகள் பழகிக்கொள்வதே அதற்குப் பெரும் காரணம். பிறகு வேகம் குறையும், பிறகு ஓரிடத்தில் நிற்கும். நேற்று எடுத்த தண்டால் இன்றைக்குக் கூடுதல் தண்டாலைக் குட்டி போடாது. மூன்று மாதம் நிறுத்தினால் சேர்த்துவைத்ததும் கரையும். தினம் பத்து நிமிட நடை வருடத்துக்கு அறுபது மணி நேரம். அது அறுபது மணி நேர நடையின் பலனைத் தரும். தரட்டும், அதுவே போதுமான பலன். முப்பத்தேழு மடங்கு ஆகவில்லையே என்று அதைக் கைவிடுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு அந்தத் தாள் மீது கோபம் வருகிறது.

மறுபடியும் சுருக்கமாக: கூட்டல், பின்னல், பெருக்கல் என்று மூன்று வகை. பின்னலில் புதியது பழையவற்றோடு கைகோக்கும். பெருக்கலுக்கு எங்கோ ஒரு தேக்கநிலை உண்டு. உடம்பு விரைவில் தேங்கும், பணம் மெதுவாக.

## பையனும் நானும் போட்ட கணக்கு

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனோடு உட்கார்ந்து, அவன் செய்யும் சின்னச் சின்னக் காரியங்களை ஒவ்வொன்றாக எடுத்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்விதான் கேட்டேன்: நேற்றுச் சேர்ந்தது இன்று வேலைக்கு வருகிறதா, வாளியில் கிடக்கிறதா?

நடை, தண்டால்: வாளி. தினம் ஒரு தேநீரைக் குறைத்து 15 ரூபாய் மிச்சம் பிடிப்பது: உண்டியலில் போட்டால் வாளி, வருடத்துக்கு 5,475 ரூபாய், அதற்கு மேல் ஒன்றும் இல்லை, வட்டி முதலோடு சேரும் இடத்தில் போட்டால் பெருக்கல். கன்னடச் சொற்கள்: பேசினால் பின்னல், பேசாவிட்டால் வாளி. அலுவலகத்தில் அவன் தினமும் கையால் செய்யும் ஓர் அறிக்கைக்குச் சின்னக் கணினி நிரல் எழுதி வைத்ததால் நாளுக்கு இருபது நிமிடம் மிச்சமாகிறதாம். அந்த இருபது நிமிடத்தில் அடுத்த வேலைக்கு நிரல் எழுதினால் பெருக்கல் என்றேன். அந்த நேரத்தில் கைப்பேசியைப் பார்க்கிறேன் என்று அவனே ஒப்புக்கொண்டான்.

பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு ஒன்று தொடங்கலாமா என்று கேட்டான். பதினைந்து ஆண்டுத் திட்டம், ஆண்டுக்குக் குறைந்தது 500 ரூபாய் போட்டால் போதும், வட்டி ஆண்டு முடிவில் முதலோடு சேர்ந்துவிடும், எடுத்துச் செலவழிக்க எளிதில் வழி இல்லை. தீபாவளிக் கைப்பேசியிலிருந்து அவனைக் காக்க அது ஒன்றே போதும் என்று எனக்குத் தோன்றியது. அந்தக் கணக்கில் ஒரு சின்ன நுணுக்கம் உண்டு. ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி முடிந்ததிலிருந்து மாதக் கடைசி வரை கணக்கில் இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் அந்த மாத வட்டி. 6ஆம் தேதி போட்ட பணம் அந்த மாதம் முழுவதும் உறைமோர் விடாத பால்.

அவன் மாதம் 4ஆம் தேதி பணம் தானாகப் போகும்படி வைத்துவிட்டான். அலமாரியில் தாள் இன்னும் இருக்கிறது. 37ஐ அடித்து, பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறான். தண்டால் மூன்று வாரமாக 24இல் நிற்கிறது.